பசங்களுக்கு பிசினஸ் சொல்லிக்குடுக்க பிளான் போட்டி நல்லதா, நிஜக் கடை நல்லதா?

ரெண்டையும் செஞ்சு பாத்துட்டேன். ஒரு வருஷம் பதினொண்ணாம் கிளாஸ் காமர்ஸ் பசங்கள பிசினஸ் பிளான் எழுத வெச்சு போட்டிக்கு கூட்டிட்டுப் போனேன், அடுத்த ரெண்டு வருஷம் கையில ஐநூறு ரூபாய் குடுத்து ஸ்கூல்லயே கடை போட வெச்சேன். இப்ப யாராவது எது பெட்டர்னு கேட்டா யோசிக்காம கடைனு சொல்லிடுவேன். ஏன்னு எழுதினா இனிமே ஆரம்பிக்கப் போற டீச்சர்களுக்கு உதவுமேன்னுதான் இது.

பிளான் போட்டி எப்படி நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். நாலஞ்சு பேர் ஒரு டீம், ஒரு ஐடியா, பிசினஸ் முழுசையும் ஒரே பக்கத்துல காட்டுற ஒன்பது கட்டம் போட்ட கேன்வாஸ் சார்ட், பிபிடி, அஞ்சு நிமிஷப் பேச்சு. நம்ம தமிழ்நாட்டுலயே ஈடிஐஐங்கற அரசுத் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம், யுனிசெஃப், பள்ளிக்கல்வித் துறை மூணும் சேர்ந்து நடத்துற பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம் இருக்கு, சிபிஎஸ்இல தொழில் முனைவுன்னு தனிப் பாடமே இருக்கு, எழுத்துத் தேர்வு 70, ப்ராஜெக்ட் 30. செலவு கிட்டத்தட்ட இல்ல, நாப்பது பேரும் ஒரே நேரத்துல செய்யலாம், ஹெச்எம்முக்கும் டென்ஷன் இல்ல. வாயத் திறக்காத ஒரு பொண்ணு எங்க கிளாஸ்ல இருந்தா, அவ மைக் பிடிச்சு ரெண்டு நிமிஷம் பேசினத நான் மறக்கவே மாட்டேன், அதுக்கு அந்தப் போட்டிதான் காரணம், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. பெரிய மிஷின், பெரிய முதல் வேணும்ங்கற மாதிரி ஐடியாவுக்கு பேப்பர்ல எழுதிப் பாக்கறத தவிர வேற வழியும் கிடையாது.

கம்ப்யூட்டர் லேப்ல கடை நடத்துற கேம் விளையாட வைக்கிறதுன்னு மூணாவது ஒண்ணும் இருக்கு. ரெண்டு பீரியட் ஜாலியா போகும், அதுக்கு மேல நான் அதுல செஞ்சதில்ல, அதனால விட்டுடறேன்.

அந்தப் போட்டில எங்க டீம் போட்ட பிளான் சிறுதானிய ஸ்நாக்ஸ். அஞ்சாவது வருஷ வருமானம் ரெண்டு கோடின்னு ஸ்லைடுல போட்டிருந்தாங்க, நானும் பாத்துட்டு சரின்னுதான் விட்டேன். நடுவரா வந்தவங்க லோகோ நல்லா இருக்குன்னாங்க, மார்க்கெட்டிங் எப்படிப் பண்ணுவீங்கன்னு கேட்டாங்க, ஒரு பாக்கெட்டுக்கு அடக்க விலை எவ்வளவுன்னு மட்டும் யாருமே கேக்கல. கேட்டிருந்தா பசங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, எனக்கும் தெரிஞ்சிருக்காது. இதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்திட்டே இருந்த விஷயம், அடுத்த வருஷம் வழிய மாத்தினதுக்கும் இதுதான் காரணம்.

பேப்பர்ல எழுதுற செலவ சரின்னோ தப்புன்னோ சொல்ல ஆளே இல்ல. பதினாறு வயசுப் பையன் கம்பு கிலோ இவ்வளவு, பாக்கெட் விலை இவ்வளவு, மீதி லாபம்னு எழுதுவான். அரைக்கிற கூலி, கரண்ட், ஒட்டுற கவர், உடைஞ்சு போனது, ஓசில போனது, கடனா போனது எதுவும் அதுல வராது, ஏன்னா அதெல்லாம் அவன் கையில இருந்து காசா போனதே இல்ல. கடை போட்டா அதே கணக்கு ஒரே வாரத்துல தானா சரியாயிடுது, இதுக்கு நான் பாடம் நடத்தவே வேண்டாம்.

சுண்டல் டீமோட கதைய முழுசா சொல்றேன், மூணு பேர் டீம் அது. வெள்ளைக் கொண்டைக்கடலை ஒரு கிலோ 130 ரூபாய், ஊற வெச்சு வேக வெச்சா இருபது கப் வரும், கப் பத்து ரூபாய், ஆக 200, லாபம் 70, இதுதான் அவங்க பிளான். பேப்பர் கப் வாங்கறதா இருந்தாங்க, உள்ள பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1ல இருந்தே நம்ம மாநிலத்துல தடைன்னு நான் சொன்னதும் தொன்னைக்கு மாறினாங்க, ஒண்ணு ஒரு ரூபாய், இருபது ரூபாய் ஆச்சு. தாளிக்கிற சாமான் 15. தேங்காய் வீட்ல இருந்து கொண்டு வந்தாங்க, அடுப்பும் வீட்டு அடுப்புதான்.

முதல் வெள்ளிக்கிழமை லஞ்ச் பெல் அடிச்சு இருபது நிமிஷத்துல எல்லாம் காலி. கல்லாவ எண்ணினா 150 ரூபாய்தான் இருக்கு. ரெண்டு கப் டீமே சாப்பிட்டிருக்கு, மூணு கப் ஸ்டாஃப் ரூமுக்கு கடனா போயிருக்கு. சரி அந்த முப்பது வந்துடும், 180 ஆச்சு, நம்ம செலவு 165, பதினஞ்சு ரூபாய் லாபம், மிஸ்னு சந்தோஷமா வந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல, வீட்ல போய் கணக்கக் காட்டுங்கன்னு மட்டும் சொன்னேன். அதுல ஒரு பொண்ணோட அம்மா வாசல்ல இட்லிக் கடை போட்டிருக்கவங்க. அவங்க நோட்டப் பாத்துட்டு முதல்ல கேட்ட கேள்வி, "ஏன்டி, தேங்கா யாரு காசு, கேஸ் யாரு காசு?"

தேங்காய் முப்பது, கேஸுக்கு ஒரு பத்து போட்டா செலவு 205. அதாவது 25 ரூபாய் நஷ்டம். தின்ன ரெண்டு கப்ப வித்திருந்தாக்கூட அஞ்சு ரூபாய் நஷ்டம்தான். இருபது கப்பும் வித்து நஷ்டம்ங்கறது அந்தப் பசங்களுக்கு நம்பவே முடியல, திங்கக்கிழமை காலைல பிரேயருக்கு முன்னாடியே நோட்டோட என்கிட்ட வந்து நின்னாங்க.

அன்னிக்கு நடந்த கணக்குப்பதிவியல் கிளாஸ் மாதிரி என் சர்வீஸ்ல நான் எடுத்ததில்ல. டீம் தின்ன ரெண்டு கப் எடுப்புகள், ஸ்டாஃப் ரூம் முப்பது ரூபாய் கடனாளிகள், அதுல ஒருத்தர் தராமலே போனா வாராக்கடன். புக்ல ஜூன் மாசத்துல இருந்து மனப்பாடம் பண்ணிட்டு இருந்த வார்த்தைங்க எல்லாம் அவங்க சுண்டலுக்குள்ளயே இருந்துச்சு. வாராக்கடன்னு நான் போர்டுல எழுதினதும் ஒரு பையன் எந்த சார் இன்னும் தரலன்னு பேரோட சொல்லிட்டான், மத்தியானமே அந்தக் காசும் வந்துடுச்சு.

அடுத்த வாரம் அவங்களே கருப்புக் கடலைக்கு மாறினாங்க, கிலோ 80. தேங்காய் அரை மூடி போதும்னு முடிவு பண்ணினாங்க, அது 15. தாளிக்க 15, கேஸ் 10, தொன்னை 20, ஆக 140. இருபதும் வித்து 60 லாபம், கடன் கிடையாது, தின்னாலும் பத்து ரூபாய் கல்லால போடணும்னு அவங்களே சட்டம் போட்டுக்கிட்டாங்க. பன்னெண்டு ரூபாய்னு விலை ஏத்தலாமான்னு பேசினாங்க, சில்லறைக்கு எங்க போறதுன்னு விட்டுட்டாங்க. மூணாவது வாரம் ரெண்டு கிலோ போட்டாங்க, செலவு 267, நாப்பது கப்புல 34 தான் போச்சு, 73 லாபம். அளவ ரெண்டு மடங்காக்கினா லாபம் ரெண்டு மடங்காகாதுங்கறத இத விடத் தெளிவா எந்த ஸ்லைடுலயும் காட்ட முடியாது. அப்புறம் மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு மணி நேரம் உழைச்சிருக்கோமே, அதுக்கு எவ்வளவு போடணும்னு ஒரு கேள்வி வந்துச்சு, அதுக்கு மட்டும் ஒரு பீரியட் முழுசா போச்சு.

இன்னொரு டீம் சில்க் த்ரெட் வளையல். நூல் சுத்தி கல் ஒட்டி ரொம்ப அழகா பண்ணினாங்க, அத்தனையும் 2.4 சைஸ், ஏன்னா அவங்க கைக்கு அதுதான் சரியா இருந்துச்சு. வாங்க வந்த டீச்சருங்க, அம்மாக்கள் எல்லாம் 2.6, 2.8 கேட்டாங்க. 22 ஜோடி அப்படியே தங்கிப் போச்சு. போட்டியா இருந்தா இதே பிளான் 'இலக்கு வாடிக்கையாளர் பெண்கள்'னு ஒரு வரில முடிஞ்சிருக்கும், யாரும் தப்பே சொல்லியிருக்க மாட்டாங்க.

இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு கிடையாது. அமெரிக்கால ஜூனியர் அச்சீவ்மென்ட்ங்கற அமைப்பு 1919ல ஆரம்பிச்சது, பசங்க பங்கு வித்து முதல் சேத்து, பொருள் செஞ்சு வித்து, கடைசில கம்பெனியக் கலைச்சு கணக்கு ஒப்படைக்கிற முறை அவங்களோடது. டெல்லி அரசு ஸ்கூல்கள்ல 2019ல தொழில் முனைவு மனப்பான்மைக்குன்னு பாடத்திட்டம் கொண்டு வந்தாங்க, 2021ல பிசினஸ் பிளாஸ்டர்ஸ்னு பதினொண்ணு, பன்னெண்டு படிக்கிற பசங்களுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் முதல் குடுத்தாங்க. பாடம் மட்டும் போதாது, பசங்க கையில காசு புரளணும்னு அவங்களும் நினைச்சிருக்காங்கன்னுதான் எனக்குத் தோணுது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிடறேன். 2010ல நெதர்லாந்துல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு, இதே மாதிரி மாணவர் கம்பெனி நடத்தின காலேஜ் பசங்கள நடத்தாதவங்களோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. திறமைல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல, தொழில் தொடங்கணும்ங்கற ஆசை குறைஞ்சுதான் போயிருந்துச்சு. அதப் படிச்சப்ப எனக்கு கொஞ்சம் ஆடிப் போச்சு. ஆனா நிலைமை என்னன்னு புரிஞ்சதால ஆசை குறைஞ்சிருக்கலாம்னு அந்த ஆய்வு செஞ்சவங்களே சொல்றாங்க. என் கிளாஸ்லயும் வளையல் டீம்ல ஒரு பொண்ணு இனிமே பிசினஸே வேண்டாம் மிஸ், சிஏ படிக்கிறேன்னு சொல்லிட்டா. அப்பா நிலத்த அடமானம் வெச்சு கடை போட்ட பிறகு அந்த முடிவுக்கு வர்றத விட, 22 ஜோடி வளையல்ல வர்றது எவ்வளவோ மேல்னு நான் நிஜமாவே நம்பறேன்.

கடை வழியோட கஷ்டம் என்னன்னா அது டீச்சர் நேரத்த தின்னுடும். முதல் வருஷம் ஆறு டீம், மொத்தம் மூவாயிரம் என் கைக்காசு, மூணு டீம் லாபத்தோட திருப்பிக் குடுத்தாங்க, ரெண்டு டீம் முதல மட்டும் குடுத்தாங்க, ஒரு டீம் 180 ரூபாய் விட்டுட்டாங்க. காசு பெரிய விஷயம் இல்ல, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றரை மணி நேரம் ஆறு சிட்டையையும் வரி வரியா பாக்கணும், அது இல்லேன்னா இது வெறும் ஃபுட் ஃபெஸ்டிவலாதான் முடியும். நாப்பது பேர் கிளாஸ்ல ஆறு டீமுக்கு மேல என்னால முடியல, மீதிப் பேர் வாடிக்கையாளராவும் ஆடிட்டராவும்தான் இருந்தாங்க. இன்னொண்ணு, நான் சொல்றதெல்லாம் ஒரே ஒரு அரசுப் பள்ளி அனுபவம், அதுவும் சின்ன டவுன். பசங்க கையில பாக்கெட் மணி நிறைய புழங்கற சிட்டி ஸ்கூல்ல சுண்டல் வித்தா இதே பாடம் கிடைக்குமான்னு எனக்கு சந்தேகம்தான், 25 ரூபாய் நஷ்டம் அங்க வலிக்காம கூட போகலாம்.

போட்டிக்கே போகாதீங்கன்னு நான் சொல்லல, வரிசைய மாத்துங்கன்னுதான் சொல்றேன். மூணு வாரம் கடை, அதுக்கு அப்புறம் பிளான். போன வருஷம் அப்படித்தான் செஞ்சோம். கடை போட்ட பசங்க எழுதின பிளான் ஒன்றரைப் பக்கம்தான், கோடி எல்லாம் இல்ல, ஆனா தொன்னை வரைக்கும் செலவு எழுதியிருந்தாங்க, 'விக்காம போறது பத்துல ஒண்ணு'ன்னு ஒரு வரி தனியா போட்டிருந்தாங்க. அந்த வரிய நான் சொல்லிக்குடுக்கல.

ஆரம்பிக்கறதா இருந்தா ஹெச்எம் கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிடுங்க, பெத்தவங்க கையெழுத்தும் வாங்கிடுங்க, சாப்பாட்டுப் பொருளா இருந்தா அன்னிக்கு செஞ்சது அன்னிக்கே தீரணும், எண்ணெய்ல பொரிச்சது வேண்டாம். ஜிபே வேண்டவே வேண்டாம், யார் நம்பர்ல காசு வந்துச்சுங்கற சண்டை முதல் வருஷமே எனக்கு வந்துடுச்சு, இப்ப ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்தான் கல்லா. நாங்க காலாண்டு லீவு முடிஞ்சு வர்ற முதல் வெள்ளிக்கிழமை போணி பண்றோம், அந்த இட்லிக் கடை அம்மாவ முந்தின நாள் கிளாசுக்கு வரச் சொல்லியிருக்கேன், எல்லா டீமோட நோட்டையும் அவங்க ஒரு தடவ பாத்துட்டாங்கன்னா எனக்கு பாதி வேலை குறையும்.