டிராக்டர் பின் டயர் வாங்கப் போகிறீர்களா? பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

சித்திரை மழையின் ஈரம் காய்வதற்குள் கோடை உழவு ஓட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் ஏமாந்தேன். பாலக்கோடு பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் செம்மண் மேட்டு நிலம். ராகியும் தக்காளியும் மாற்றி மாற்றிப் போடுவோம். டிராக்டரின் பின் டயர் இரண்டிலும் பட்டன் (மண்ணைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. அளவு 13.6-28. தர்மபுரியில் விசாரித்த இரண்டு கடைகளிலும் ஜோடி 45 ஆயிரத்தை ஒட்டிச் சொன்னார்கள். கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்காரர் 36 ஆயிரம் என்றார். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

"பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம்ணா, அதான் கம்மியா தர்றேன்" என்றார். இது 2025 மே மாதம். 45 ஆயிரத்தில் வரியைக் கழித்தாலே 38 ஆயிரம் வருகிறதே, இவர் அதற்கும் கீழே எப்படித் தருகிறார் என்று நான் அப்போதே கணக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. (2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கு வரி 5 சதவீதம்தான். இன்னும் யாராவது இந்த 18 கதையைச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.)

பொழுது சாயும் நேரத்தில் கடைப் பையன்கள் இருவர் வண்டியில் ஏற்றி வந்து, வீட்டிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். டயர் கன்னங்கரேலென்று பளபளத்தது. டீ கொடுத்து, ஜிபேயில் பணம் அனுப்பி, கையோடு அனுப்பிவைத்தேன்.

மறுநாள் ஒன்பது கொழு உள்ள கலப்பையை மாட்டி இறங்கினால், இடது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. வலது சக்கரம் சும்மா நிற்கிறது. இரண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும் டிஃபரென்ஷியல் லாக்கை மிதித்தால் கொஞ்ச தூரம் போகும், விட்டால் மறுபடி அதே கதை. இடது டயரில் பட்டன்களுக்கு நடுவே மண் அடைத்து, கொழுக்கட்டை மாதிரி உருண்டையாகிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் ஓட்டியது அரை ஏக்கர்கூட இல்லை. டீசல் போனதை நினைத்தால் வயிறு எரிகிறது.

முதலில் காற்றைச் சந்தேகப்பட்டேன். பையன்கள் 30 பவுண்டு அடித்திருந்தார்கள். வயலில் 12, 14 பவுண்டு இருந்தால்தான் டயர் கொஞ்சம் படிந்து மண்ணைப் பிடிக்கும். குறைத்தேன். அப்புறம் பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னபடி, வால்வை மேலே நிறுத்தி முக்கால் டயர் அளவுக்குத் தண்ணீரும் நிரப்பினேன். ஒரு டயருக்கு 150 லிட்டருக்கு மேல் பிடிக்கும், அத்தனை கிலோ எடை சக்கரத்திலேயே உட்கார்ந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் இடது சக்கரம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பெரியப்பா மகன் வந்தான். டிராக்டரே ஓட்டிப் பிழைக்கிறவன். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தான். "அண்ணா, எடது டயரத் திருப்பி மாட்டியிருக்கானுங்க."

பின்னால் நின்று பார்த்தால் இரண்டு டயரிலும் பட்டன்களின் கூர்முனை கூரை முகடு மாதிரி மேலே பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் முன்னால் போகும்போது முனை முதலில் மண்ணில் இறங்கும், மண்ணும் இரண்டு பக்கமும் ஒதுங்கி வெளியேறும். திருப்பி மாட்டினால் மண் நடுவுக்குத் தள்ளப்பட்டு அடைத்துக்கொள்ளும், பிடிப்பும் போய்விடும். டயரின் பக்கவாட்டிலேயே சுற்றும் திசைக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள். சரி, இருட்டில் பையன்கள் தவறு செய்துவிட்டார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

பஞ்சர் கடையில் தண்ணீரை இறக்கிக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. டயரின் பக்கவாட்டில், வண்டியைப் பார்த்திருந்த பக்கம், நீள்வட்டக் கட்டத்துக்குள் 1117 என்று இருந்தது. 2017-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். முதல் இரண்டு எண் வாரம், கடைசி இரண்டு ஆண்டு. சந்தேகத்தில் வலது டயரையும் கழற்றினோம். 4216. எட்டு வருஷத்துக்கும் மேல் எங்கேயோ கிடந்த சரக்கு. துணியில் டீசல் தொட்டுத் துடைத்ததும் கறுப்புப் பாலீஷ் கையோடு வந்தது. பட்டன்களின் அடியில் மயிரிழை வெடிப்புகள். உழாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கம்தான் இருக்கும். என் டயர்களைச் சரியான திசையில் மாட்டினால், வலது டயரின் எண் உள்ளே போய்விடும், இடது டயரின் எண் வெளியே தெரியும். இடதை மட்டும் திருப்பிவிட்டால் இரண்டுமே கண்ணில் படாது. தவறிப்போய் மாட்டியதாக இனி நான் நம்பத் தயாரில்லை.

நேரில் போய்க் கேட்டேன். "டிராக்டர் டயருக்கெல்லாம் யாருண்ணா தேதி பாக்கறாங்க?" என்றார் கடைக்காரர். அப்புறம் மெதுவாக, "பில் வெச்சிருக்கீங்களா?" என்றார். இல்லை என்பது அவருக்குத் தெரியாதா?

ஆனால் ஒன்றை அவர் மறந்துவிட்டார். "புது ஜோடி, ஃப்ரெஷ் ஸ்டாக்" என்று வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்தியும் டயர் படமும் என்னிடம் இருக்கின்றன. ஜிபே ரசீதும் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன். கடைக்காரர் பதிலே சொல்லவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். புகாருக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இடது டயரைத் திருப்பி மாட்டியபின் சறுக்கல் பாதிக்கு மேல் குறைந்தது. வலது டயர் ஆடி மாதத்திலேயே பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. அதற்குப் பதில் தர்மபுரியில் ஒன்று வாங்கினேன், பில்லோடு. மாட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். எண் மங்கலாக இருந்தது. கடைக்காரரே சாக்பீஸ் எடுத்து அதன்மேல் தேய்த்துக் காட்டினார், பளிச்சென்று தெரிந்தது.