முப்பது நாள் கச்சேரி: மார்கழி வானொலியில் எம்.எல்.வி.யின் திருப்பாவை

மார்கழி பிறந்துவிட்டால், எங்கள் வீட்டில் பாலைக் காய்ச்சுவதற்கு முன்பே வானொலிப் பெட்டியைத் திருப்பிவிடுவார்கள். அகில இந்திய வானொலி விடியற்காலையில் ஒலிபரப்பும் திருப்பாவையை, அதிலும் எம்.எல்.வசந்தகுமாரியின் குரலில் வரும் பாசுரத்தை, அரையாண்டு விடுமுறையின் தூக்கக் கலக்கத்தோடு கேட்டு வளர்ந்தவன் நான். இன்று அதே பதிவு கைப்பேசியில் எந்நேரமும் கிடைக்கும்போது வானொலிக்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்று என் மகள் கேட்டாள். நாளுக்கு ஒரு பாசுரமாகக் கேட்கும்போதுதான் அதன் கட்டமைப்பு முழுவதும் புலப்படும் என்பதே என் பதில்.

இந்தப் பாசுரங்களுக்கு மெட்டமைத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், இன்று நாம் கேட்கும் கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர். முதல் ஐந்து பாசுரங்களை நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ எனக் கனராக பஞ்சகம் எனப்படும் ஐந்து ராகங்களின் வரிசையிலேயே வைத்து, கடைசி இரண்டையும் மங்களகரமான மத்யமாவதியிலும் சுருட்டியிலும் முடித்திருக்கிறார். ஒரே மூச்சில் முப்பதையும் ஓடவிட்டால் ராகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கலைந்துவிடுகின்றன. வானொலியிலோ, காலையில் கேட்ட ஆரபி அன்று முழுவதும் வாயில் முணுமுணுப்பாகத் தங்கி, மறுநாள் வராளி வரும்போது அதற்கு இடம் விட்டு விலகுகிறது. ஒரு மாதமே ஒரு கச்சேரியாகிவிடுகிறது.

எம்.எல்.வி.யின் குரலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜி.என்.பாலசுப்ரமணியத்திடம் பயின்று, 1977இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற அவர், மேடையில் மின்னல்போல் பிருகாக்களை, அதாவது அதிவேக ஸ்வரச் சுழல்களை, பொழிந்தவர். இங்கே அந்த வித்தையையெல்லாம் அடக்கிக்கொண்டு, சொல் சிதையாமல், பாசுரம் சேவிப்பவரின் நிதானத்தோடு பாடுகிறார். ஏழாம் நாள் பைரவியில் ஆனைச்சாத்தன் பறவைகளின் பேச்சரவம் வரும்போது, எங்கள் முருங்கை மரத்திலும் குருவிகள் எழுந்திருக்கும். இருபத்தேழாம் நாள் பூர்விகல்யாணியில் கூடாரை வெல்லும் கோவிந்தன் வருகையில், அடுக்களையில் அக்காரவடிசிலுக்கு நெய் உருகிக்கொண்டிருக்கும். நாமே ஒரு பொத்தானை அழுத்திக் கேட்டால் இந்தப் பொருத்தம் எப்படி அமையும்?

ஒலித்தரத்தைப் பொறுத்தவரை, மத்திய அலையில் கேட்பவர்கள் சிறிது மெனக்கெட வேண்டும். சென்ற ஆண்டு ஒரு கடையில் வாங்கிய சிறிய பெட்டியில், தம்புராவையே விழுங்கிவிடும் அளவுக்கு ஓர் இரைச்சல் இருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பிறகுதான், பக்கத்தில் செருகியிருந்த கைப்பேசி சார்ஜரும் தலைக்கு மேலிருந்த எல்.இ.டி. விளக்கும் காரணம் என்று தெரிந்தது. அவற்றை அணைத்துவிட்டு, பெட்டியை ஜன்னலோரம் வைத்து மெல்லத் திருப்பிப் பார்த்தால், உள்ளிருக்கும் ஆண்டெனா ஒரு திசையில் நன்றாகப் பிடிக்கிறது. அதே பெட்டியின் அலைவரிசைச் சக்கரம் வழுக்குவதற்கு மட்டும் மருந்தில்லை. வெளியூரில் இருப்பவர்கள் வானொலியின் செயலியில் கேட்கலாம். ஒலி துல்லியமாக இருக்கும், ஆனால் சில நொடிகள் பின்தங்கி வரும். ஒரே வீட்டில் இரண்டையும் ஓடவிட்டால் பாசுரம் எதிரொலிபோல் இரட்டிக்கும்.

மார்கழி 29 நாளோடு முடியும் ஆண்டுகளில் எங்கள் வீட்டில் கடைசி இரண்டு பாசுரங்களையும் ஒரே நாளில் சேவிப்பது வழக்கம். அன்று போகி. தெருவில் பழைய பாய் எரியும் புகைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, பெட்டியைச் சற்று உள்ளே தள்ளிவைத்துக்கொண்டு, சுருட்டிக்காக உட்கார்ந்திருப்போம். அடுத்த மார்கழிக்குள், சக்கரம் வழுக்காத ஒரு பெட்டியை வாங்கிவிட வேண்டும்.