தார்ன் பேர்ட்ஸ் டிவிடி செட், 11 வருஷம் ஓட்டுன அனுபவம்

தார்ன் பேர்ட்ஸ்னா பழைய அமெரிக்கா டிவி சீரியலு, இந்த செட்டு 2014ல பர்மா பஜார்ல வாங்குனது. டப்பா மூலை உடைஞ்சிருந்துச்சு, அத காட்டியே வெலைய கொறச்சேன். வீட்டுக்கு வந்து போட்டா ஓடல, அது அமெரிக்கா டிஸ்க்கு ரீஜன் 1, நம்ம ஊரு பிளேயரு ரீஜன் 5, திரும்ப பஜாருக்கே போயி எல்லா ரீஜனும் ஓடுற பிளேயரு ஒன்னு வாங்க வேண்டியதா போச்சு.

இதுக்கு ஏன் இவ்ளோ அலைச்சல்னா, கப்பல்ல வேலை பாத்த மாமா நான் ஸ்கூல் படிக்கறப்போ இத விஎச்எஸ்ல கொண்டாந்தாரு, டெக்கு வாடகைக்கு எடுத்து காசிமேட்டுல எங்க தெருவே உக்காந்து பாத்துச்சு, கடைசி கேசட்டு மட்டும் பூஞ்சை புடிச்சி ஓடவே இல்ல. முடிவு தெரியாமயே இருபத்தஞ்சு வருஷம் ஓடிடுச்சு.

1983 மார்ச்ல அமெரிக்காவோட ஏபிசி சேனல்ல நாலு ராத்திரி தொடர்ந்து போட்டது. ஆஸ்திரேலியா ஆட்டுப்பண்ணை, அழகான ஃபாதர் ரால்ஃப், அவரையே நெனச்சி வளர்ற மேகி. (ஆஸ்திரேலியான்னு காட்றது கலிபோர்னியாவும் ஹவாயும்தான், நம்பிட்டோம்.) மேரி கார்சன் கெழவியா பார்பரா ஸ்டான்விக் வர்ற சீனெல்லாம் இன்னிக்கும் மெரட்டும், எம்மி அவார்டு சும்மா குடுக்கல. இப்போ வர்றதெல்லாம் பத்து நிமிஷத்துக்கு ஒரு ட்விஸ்ட் வச்சி சாவடிக்கறானுங்க, இதுல ஒரு பார்வைக்கே ரெண்டு நிமிஷம் எடுத்துக்கறாங்க.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நான்தான் பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லணும். முதல் தபா பாத்துட்டு ரெண்டு நாளு எங்கூட பேசல, ஃபாதர பத்தி இப்டியா எடுப்பாங்கன்னு. அப்பறம் அதுவே, "ஃபாதரு இவ்ளோ அழகா இருந்தா ஊருக்கே பாவம்டா"ன்னுச்சு. வருஷா வருஷம் மழைக்காலத்துல நாலு ராத்திரி ஒதுக்கிடுவோம். 2025 மார்ச்ல, ஃபாதர் ரால்ஃபா நடிச்ச ரிச்சர்ட் சேம்பர்லைன் 90 வயசுல போயிட்டாருன்னு சொன்னதும் ராயபுரம் பீட்டர்ஸ் சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துச்சு, "நம்ம ஃபாதருக்கு"ன்னு.

கொறைன்னா, டிஸ்க்கு ரெண்டு பக்கமும் ஓடுறது, மேல லேபிள் கெடையாது, நடு ஓட்டைய சுத்தி பொடி எழுத்துல ஏ, பி போட்டிருக்கும், லைட்டுக்கு நேரா புடிச்சி பாக்கணும். சீரியல் பல்பு போட்ட அண்ணன் போட்டோவ கொஞ்சம் மேல தூக்கிட்டு 43 இன்ச் டிவி மாட்டுனோம், அதுல ஃபுல் ஸ்கிரீன் வச்சா எல்லாருக்கும் மூஞ்சி தட்டுவடை மாதிரி ஆவுது, 4:3ல வச்சி பாருங்க.

நாலாவது சைடுல கீறல் ஒன்னு. மேகியோட பையன் கிரீஸ்ல கடல்ல எறங்குற எடத்துல கரெக்டா சிக்கும், அம்மா டீ போட எழுந்துடும், நான் ரிமோட்ல தள்ளி விட்டுடுவேன். போன வருஷம் டூத்பேஸ்ட் தேச்சி கழுவுனேன், கீறல் போயி சிக்காம ஓடுச்சு. அம்மா எப்பவும்போல எழுந்து அடுப்பாண்ட போயிடுச்சு.