நெல்லுக்கு தண்ணிய நிறுத்தறதா, காயப் போடறதா, நேரா விதைச்சுடறதா?

தண்ணி நிக்கற நெல் வயல பாத்தா கண்ணுக்கு குளிர்ச்சியா தான் இருக்கு, ஆனா அதுக்கு அடில நடக்கற கூத்து வேற. தண்ணி நின்னா மண்ணுக்குள்ள காத்து போகாது, காத்தே இல்லாத அந்த சேத்துல வாழற நுண்ணுயிருங்க போன பயிரோட தாள், வேர், எருன்னு கிடைச்சதயெல்லாம் மட்க வச்சு மீத்தேனா வெளிய விடும், அதுல பெரும்பங்கு நெல் தண்டுக்குள்ள இருக்கற காத்து அறைங்க வழியாவே மேல வந்துடும். பயிரே புகைபோக்கி வேலை பாக்குது. ஒரு கிலோ மீத்தேன் 100 வருஷ கணக்குல கிட்டத்தட்ட 27 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு பூமிய சூடேத்தும், 20 வருஷ கணக்குல பாத்தா அது 80 கிலோ பக்கம் போயிடும்.

சரி, அப்ப என்ன பண்றதுன்னு கேட்டா இன்னைக்கு பேச்சுல அடிபடற வழி மூணு இருக்கு, பழைய முறையையும் சேத்தா நாலு. மீத்தேன் எவ்ளோ குறையுதுங்கற ஒரே நம்பர வச்சு பலபேர் மார்க் போட்டுடறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, மடையத் தொறக்கறதும் அடைக்கறதும் யார் கைல இருக்குன்னு கேக்காம இந்த நாலுல எதையும் நல்லது கெட்டதுன்னு சொல்ல முடியாது.

முதல்ல பழைய முறைக்காக கொஞ்சம் பேசிடறேன், ஏன்னா எல்லாரும் அத வில்லன் ஆக்கிட்டாங்க. நட்டதுல இருந்து அறுக்கறதுக்கு கொஞ்ச நாள் முன்ன வரைக்கும் தண்ணி நிறுத்துனவங்க ஒண்ணும் விவரம் இல்லாம பண்ணல. நிக்கற தண்ணி தான் காசு வாங்காத களைக்கொல்லி, பாதி களை முளைக்கவே முளைக்காது. பூக்கற நேரத்துல வெயில் 35 டிகிரிய தாண்டுனா மகரந்தம் கெட்டு பதர் கூடும், அப்ப வயல்ல தண்ணி இருந்தா பயிர சுத்தி இருக்கற சூடு கொஞ்சமாவது தணியும், அதாவது பருவநிலை மாற்றத்த கூட்டற அதே தண்ணி தான் அந்த மாற்றத்துல இருந்து பயிர காப்பாத்தவும் செய்யுது. இந்த சிக்கல யாரும் சரியா பேசறதில்ல. ஆனா தண்ணி செலவு பெருசு, மழையும் பாசனமும் சேத்து ஒரு கிலோ நெல்லுக்கு சராசரியா 2,500 லிட்டர் வயலுக்குள்ள போகுது.

அடுத்தது காய்ச்சலும் பாய்ச்சலும். பேருலயே செய்முறை இருக்கு, பாய்ச்சு, காய விடு, திரும்ப பாய்ச்சு. பிலிப்பைன்ஸ்ல இருக்கற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதுக்கு ஒரு எளிய கருவி குடுத்துருக்கு, சுத்தி ஓட்டை போட்ட ஒரு அடி நீள குழாய், அவ்ளோதான். அத மண்ணுல பதிச்சு உள்ள இருக்கற சேத்த வழிச்சு எடுத்துட்டா மண்ணுக்குள்ள தண்ணி எவ்ளோ கீழ இருக்குன்னு எட்டிப் பாத்துக்கலாம். மேல மண்ணு காஞ்ச மாதிரி தெரியும், பயப்பட வேணாம், தண்ணி மட்டம் 15 சென்டிமீட்டர் கீழ போற வரைக்கும் வேர் எட்டிப் பிடிச்சுக்கும், அதுக்கப்புறம் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு பாய்ச்சுனா போதும். பூக்கறதுக்கு ஒரு வாரம் முன்ன இருந்து ஒரு வாரம் பின்ன வரைக்கும் மட்டும் காய விடவே கூடாது, மேல சொன்ன பதர் விஷயம் தான் காரணம். ஒழுங்கா பண்ணா தண்ணி 30 சதவீதம் வரைக்கும் மிச்சம், மீத்தேன் ஏறக்குறைய பாதியா குறையும், விளைச்சல்ல பெரிய அடி விழாது. ஆர்சனிக்ங்கற விஷம் இருக்கற மண்ணுல அரிசிக்குள்ள போற ஆர்சனிக்கும் குறையும், ஆனா சில மண்ணுல காட்மியம்ங்கற இன்னொரு நச்சு உலோகம் அரிசில கூடிடும், இந்த ரெண்டாவத விளம்பரத்துல போட மாட்டாங்க.

இவ்ளோ நல்லதுன்னா ஏன் எல்லாரும் பண்ணலன்னு கேப்பீங்க. காய விடறது தைரியமான வேலை, நாளைக்கு நான் மடைய தொறந்தா தண்ணி வரும்னு நம்பிக்கை இருக்கறவன் தான் விடுவான். முறை வச்சு தண்ணி விடற எடத்துல, அடுத்த முறை என்னைக்கு வரும்னு தெரியாதவன் வர்றப்பவே வயல் நிறைய பிடிச்சு வச்சுக்குவான், அவன குறை சொல்ல என்ன இருக்கு. பம்ப் வச்சு இறைக்கறவருக்கு டீசல் மிச்சமாகும், ஆனா வங்கதேசத்துல நடந்தது வேடிக்கை, அங்க பல எடத்துல பம்ப் ஒருத்தரோடது வயல் இன்னொருத்தரோடது, போகத்துக்கு இவ்ளோன்னு மொத்தமா பேசிடறாங்க, தண்ணிய குறைச்சா மிச்சம் பம்ப் வச்சுருக்கறவருக்கு, குழாய்க்குள்ள குனிஞ்சு பாக்கற வேலை மட்டும் பயிர் வச்சவருக்கு. பள்ளமான வயலா இருந்து அடைமழையும் பெஞ்சா காய வைக்கற பேச்சே இல்ல.

இன்னொரு கணக்கும் இருக்கு. வயல் நனைஞ்சு நனைஞ்சு காயறப்ப மண்ணுல இருக்கற தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடா பறக்க ஆரம்பிக்கும், அது கார்பன் டை ஆக்சைட விட 273 மடங்கு மோசம். பெரும்பாலான வயல்ல மீத்தேன் குறையறது தான் ஜெயிக்குது, ஆனா யூரியாவ அள்ளிக் கொட்டிட்டு அடிக்கடி காயவும் போட்டா ஜெயிச்சதுல ஒரு பங்க திருப்பிக் குடுத்துடுவோம்.

மூணாவது ஒற்றை நாற்று நடவு. 1980கள்ல மடகாஸ்கர்ல இருந்த ஹென்றி டி லாலானியேங்கற பிரெஞ்சு பாதிரியார் உருவாக்குனது. 8ல இருந்து 12 நாள் நாத்து, குத்துக்கு ஒண்ணே ஒண்ணு, 25க்கு 25 சென்டிமீட்டர் சதுர இடைவெளி, களைய உருளை ஓட்டி மண்ணுக்குள்ளயே அமுக்கறது, தொழு உரம், கூடவே காய்ச்சலும் பாய்ச்சலும். இளசா நட்டா தூர் வெடிச்சு பக்கத் தண்டுங்க கிளம்பறது பாக்கவே அழகு, விதையும் பல மடங்கு கம்மி. ஆனா ஹெக்டேருக்கு 15 டன்னுக்கு மேல வந்துச்சுன்னு கிளம்புன கதைங்கள நம்பாம 2004 வாக்குல சில பயிர் விஞ்ஞானிங்க பறக்கும் தட்டு கதையோட ஒப்பிட்டு எழுதுனாங்க, அந்த சண்டை இன்னும் முழுசா ஓயல. என் கருத்து, ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஓவர் தான். மீத்தேன் கணக்குக்கு வந்தா இதுல குறையறது காய விடறதால தானே தவிர ஒத்த நாத்தால இல்ல. எரு நல்லா மட்குனதா இருக்கணும், பச்சை வைக்கோல நேரா சேத்துல மிதிச்சு தண்ணி கட்டுனா மீத்தேன் ஏறும், இயற்கை விவசாயம் பண்றோம்ங்கற பேர்ல நிறைய பேர் இங்க தான் சறுக்கறாங்க. ஆள் பிரச்சினையும் உண்டு, சின்ன நாத்த பதமா எடுத்து ஒவ்வொண்ணா வைக்க பழகுன கை வேணும், ரெண்டு பேரா சேந்து பாத்துக்கற சின்ன வயலுக்கு சரி, பெருசா பண்றவங்களுக்கு கஷ்டம்.

நேரடி விதைப்ப சீக்கிரம் முடிச்சுடறேன். நாத்தங்கால் இல்ல, சேறடிக்கறது இல்ல, நடவு ஆள் இல்ல, காஞ்ச மண்ணுலயே விதைச்சா மீத்தேன் நல்லா குறையும், பயிரும் ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே அறுப்புக்கு வரும். அமெரிக்கால நடவே கிடையாது, எல்லாம் விதைப்பு தான், கலிஃபோர்னியால விமானத்துல இருந்து தூவறாங்க, ஆனா அது தண்ணி கட்டுன வயல்ல தூவறது, அதனால நேரடி விதைப்புன்னாலே மீத்தேன் கம்மின்னு நினைச்சுடாதீங்க. வில்லன் களை. நட்ட வயல்ல நாத்து களைய விட மூணு வாரம் மூத்தது, இங்க ரெண்டும் ஒரே நாள்ல பிறக்குது, காட்டு நெல் கலந்துட்டா எது பயிர் எது களைன்னு கதிர் வர்ற வரைக்கும் தெரியாது, கடைசில களைக்கொல்லி தான் கைல. விதைச்ச மறுநாள் பேய்மழை பெஞ்சா திரும்ப விதைக்கணும்.

அப்ப எதுக்கு என் ஓட்டு? தண்ணி சொந்தக் கட்டுப்பாட்டுல இருந்தா காய்ச்சலும் பாய்ச்சலும் தான், யோசிக்கவே வேணாம். அதுக்கு முக்கிய காரணம் மீத்தேன் கூட இல்ல, சரிவரலன்னா அன்னைக்கு சாயங்காலமே தண்ணிய விட்டு பழைய முறைக்கு திரும்பிடலாம், மத்த ரெண்டுல விதைச்ச அன்னைக்கு, நட்ட அன்னைக்கே முடிவாகிடும். தண்ணி கைல இல்லாதவங்க ஒரு தடவையாவது நடுப்பருவத்துல வடிக்க முடியுதான்னு பாக்கலாம், ஜப்பான்ல இது ரொம்ப காலமா இருக்கற பழக்கம், 2023ல இருந்து அந்த வடிப்ப இன்னும் ஏழு நாள் நீட்டுனா கார்பன் கிரெடிட்டும், அதாவது குறைச்ச புகைக்கு ஈடா வித்துக்கற மாதிரி ஒரு சான்று, குடுக்கறாங்க. ஆள் பத்தாம, களைய சமாளிக்க தெம்பு இருந்தா நேரடி விதைப்பு. ஒற்றை நாற்று நடவ விரும்பி பண்றவங்க பண்ணட்டும், கட்டாயப்படுத்த நான் வர மாட்டேன்.

குழாய் பதிக்கறவங்களுக்கு ஒண்ணு, வயலோட மேட்டுலயும் வேணாம் பள்ளத்துலயும் வேணாம், நடுத்தர மட்டமா இருக்கற எடமா பாத்து வரப்புல நின்னே எட்டிப் பாக்கற தூரத்துல வைங்க. சேத்துல இறங்கி போய் பாக்கணும்னு ஆயிட்டா நாலாம் நாள் பாக்கறத விட்டுட்டு மடைய தொறந்து விட்டுடுவீங்க.