புதுச்சேரி, கடலூர் ரயில் சேவை: ஏறுமுன் தெரிய வேண்டியவை

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் 25 கிலோமீட்டருக்குள்தான். ரயிலில் என்றால் விழுப்புரம் வரை 38 கி.மீ., அங்கே வண்டி மாறித் திரும்பவும் கடலோரத்துக்கு வர இன்னொரு 40 சொச்சம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கதை. இந்தத் தடத்துக்கு ரயிலைச் சிபாரிசு செய்ய வழியே இல்லை.

காரணம் 1879இல் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியை விழுப்புரத்தோடு சேர்க்க அந்த டிசம்பரில் மீட்டர்கேஜ் பாதை திறந்தார்கள். பாதை புதுச்சேரி ரயில்வே கம்பெனிக்குச் சொந்தம், வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. அந்த நிர்வாகம் 1944இல் அரசின் கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14 அன்று மதராஸ் தென் மராட்டா, மைசூர் ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. முதலாளி மாறினார், தடம் அப்படியே. சுப்பையா சாலை ஓரம் அன்றைக்கு முட்டி நின்ற பாதை இன்றும் அங்கேயே முட்டி நிற்கிறது. மாமல்லபுரம் வழியாகச் சென்னையையும் கடலூரையும் புதுச்சேரியோடு இணைக்கும் பாதை வெறும் அறிவிப்பாகவே கிடக்கிறது.

சென்னைக்கு எப்படி? எழும்பூர் வரை 197 கி.மீ., ஈ.சி.ஆரில் 150 பக்கம். அவசரமாகப் போகிறவருக்குப் பஸ்தான். கட்டணம் குறைவாக வேண்டும், கழிவறை வேண்டும், குழந்தை குட்டியோடு காலை நீட்டிப் போக வேண்டும் என்பவருக்கு ரயில். உண்மையான லாபம் தூரப் பயணத்தில். டெல்லி, ஹவுரா, புவனேஸ்வர், மங்களூர், கன்னியாகுமரி வண்டிகள் புதுச்சேரியிலேயே கிளம்புகின்றன. பெரும்பாலானவை தினசரி அல்ல, எனவே கிழமை பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். புறப்படும் ஊர் என்பதால் பொது ஒதுக்கீடு இங்கிருந்தே கிடைக்கும், காத்திருப்புப் பட்டியலும் ஓரளவு நகரும். நடுவழி ஊர்களிலிருந்து எடுக்கும் டிக்கெட்டில் பி.க்யூ.டபிள்யூ.எல். (பல ஊர்களுக்குப் பொதுவான சிறு ஒதுக்கீட்டின் காத்திருப்புப் பட்டியல்) என்று வந்தால் எண் சின்னதாக இருந்தாலும் நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம். அந்த ஒதுக்கீட்டில் படுக்கைகளே சொற்பம்.

கடலூர்க்காரர் பாடு வேறு. ஊருக்கு இரண்டு ஸ்டேஷன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருப்பது திருப்பாதிரிப்புலியூர், முன்பு கடலூர் என்.டி. (நியூ டவுன்). தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி முதுநகரில் இருப்பது கடலூர் துறைமுகம் சந்திப்பு, முன்பு ஓ.டி. (ஓல்ட் டவுன்). முதுநகரை இன்றைக்கும் ‘ஓ.டி.’ என்றுதான் வாயில் வருகிறது. முன்பதிவுச் செயலியில் ‘கடலூர்’ என்று மட்டும் தேடி, துறைமுகத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் போய் நிற்பது வழக்கமான தவறு. எல்லா வண்டியும் இரண்டிலும் நிற்பதில்லை. டிக்கெட்டில் டி.டி.பி.ஆர். என்றிருந்தால் திருப்பாதிரிப்புலியூர், சி.யூ.பி.ஜே. என்றிருந்தால் துறைமுகம். நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகும் கிளைப்பாதை துறைமுகத்தில்தான் பிரிகிறது.

தாமதம் ஏன் என்று கேட்பவருக்கு: விழுப்புரத்திலிருந்து கடலூர், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் போகும் மெயின் லைன்தான் பழைய பாதை. 1929இல் விருத்தாசலம் வழியாகக் கார்டு லைன் என்ற குறுக்குப் பாதை வந்தது. திருச்சிக்கு 60 கி.மீ.க்கு மேல் மிச்சம் என்பதால் வேக வண்டிகள் அந்தப் பக்கம் போயின, பிறகு இரட்டைப்பாதையும் அதற்கே கிடைத்தது. மெயின் லைன் இன்னும் ஒற்றைப்பாதை. எதிரே வண்டி வந்தால் ஒன்று ஸ்டேஷன் லூப்புக்குள் (பக்கத் தடத்துக்குள்) மெதுவாக நுழைந்து நிற்க வேண்டும். மற்றது கடந்து போய், முன்னால் உள்ள ஸ்டேஷன் ‘லைன் கிளியர்’ (தடம் காலி என்ற அனுமதி) கொடுத்த பிறகே சிக்னல் விழும். ஒரு வண்டி அரை மணி பிந்தினால் கிராசிங் இடம் மாறி, நேரத்துக்கு வந்த எதிர் வண்டியும் சேர்ந்து பிந்தும். அகலப்பாதை மாற்றத்துக்காக விழுப்புரம்–மயிலாடுதுறைப் பகுதி 2006 கடைசியிலிருந்து 2010 வரை மூடியே கிடந்தது. அப்போதே இரண்டாவது தடத்தையும் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். இந்தத் தாமதத்தை நினைத்து, விழுப்புரத்தில் வேறு ரயில் பிடிக்க வேண்டுமானால் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும். தட்கல் முந்தின நாள், ஏ.சி.க்குக் காலை 10, சாதா படுக்கைக்கு 11. தட்கலை இணையத்தில் எடுக்க முன்பதிவுக் கணக்கோடு ஆதார் இணைப்பு கட்டாயம். 10 மணிக்கு மேல் உட்கார்ந்து இணைக்க முயன்றால் டிக்கெட் போயே போச்சு.

முன்பதிவில்லா டிக்கெட்டில் ஒரு நுணுக்கம். 199 கி.மீ. வரைக்குமான டிக்கெட்டுக்கு, எடுத்த 3 மணி நேரத்துக்குள் அல்லது அதன்பின் வரும் முதல் வண்டியில், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் கிளம்பிவிட வேண்டும். புதுச்சேரி–எழும்பூர் 197 என்பதால் இந்த விதிக்குள் மாட்டும். காலையிலேயே கவுண்டரில் வாங்கி வைத்துக்கொண்டு, நடுவில் போன வண்டியை விட்டுவிட்டுச் சாயங்கால வண்டி ஏறினால் டிக்கெட் இல்லாத பயணிக்கான அபராதம்தான். செல்போனில் எடுத்தவர்கள் செயலியைத் திறந்தே காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் பரிசோதகர் ஏற்க மாட்டார்.