‘லைஃப்டைம் வாரண்டி’ கறுப்புப் பூச்சு: ஒன்ராறியோவில் பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

2017 மொடல் பிக்கப் ஒன்று. 2021 ஒக்டோபரில் ஸ்காபரோவில் ஒரு பழைய வாகன விற்பனை நிலையத்தில் கைமாறியது. விலை பேசி முடிந்து, கையெழுத்துப் போடும் மேசையில்தான் அடுத்த கதை தொடங்கியது: “அண்ணை, இஞ்ச வின்டரில ரோட்டில கொட்டுற உப்புக்கு, வண்டிக்குக் கீழ கோட்டிங் அடிக்காட்டி அஞ்சு வருசத்தில சேசி, அதுதான் அடிச்சட்டம், போயிடும். நாங்கள் அடிச்சுத் தந்தால் லைஃப்டைம் வாரண்டி.”

1,495 டொலர். 13% வரியோடு 1,689. அதையும் வாகனக் கடனுக்குள் போட்டார்கள். 7.99% வட்டியில் 84 மாதம் என்றால் மாதம் 26 டொலர்தான், யாருக்கும் வலிக்காது. கூட்டிப் பார்த்தால் சுமார் 2,210 டொலர்.

நாலு வின்டர் போனது. 2025 ஏப்ரலில் பிரேக் மிதி மெத்தென்று கீழே இறங்கியதால், கராஜில் வண்டியைத் தூக்கும் ஹொயிஸ்டில் ஏறியது. கீழே நின்று பார்த்தால் எல்லாம் கன்னங்கரேலென்று புதுசு போலவே இருந்தது. பின் அச்சுக்கு மேலே சேசி வளைந்து போகும் இடத்தில் சின்னச் சுத்தியலால் தட்டினால் கணீர் என்று கேட்கவேண்டும். கேட்டது டொக். ஸ்க்ரூட்ரைவரால் கிண்டியபோது ரப்பர் பூச்சு தோலாக உரிந்து வந்தது, அதோடு கறள் தகடு தகடாகக் கொட்டியது. உள்ளே விரல் போகுமளவுக்கு ஓட்டை. சேசியை ஒட்டிப் போகும் பிரேக் லைனும் அதே பூச்சுக்குள் மூடுண்டு அரித்து, எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது.

வாரண்டிக்குப் போனால் மூன்று பதில்கள். ஒவ்வொரு வருடமும் வாங்கிய தேதிக்கு 30 நாள் முன்பின் வந்து பரிசோதித்து முத்திரை வாங்கியிருக்கவேண்டும். 2023-இல் முத்திரை இல்லை. வாரண்டி வெளித் தகடுகளுக்கு மட்டும்; சேசி, பிரேக் லைன், சஸ்பென்ஷன் எதுவும் சேராது. தகட்டிலும்கூட உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுந்தால்தான் கணக்கு, மேற்கறள் கணக்கில் இல்லை. மூன்றுமே பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தவை. பிக்கப்பில் முதலில் போவது எதுவோ அதை விட்டுவிட்டு எழுதிய வாரண்டி அது.

பூச்சே இல்லாமல் விட்டிருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது என்பதுதான் வயிற்றெரிச்சல். தார், ரப்பர் கலந்த தடித்த பூச்சு காய்ந்தபின் ஒரு ஓடு. கல் தெறித்தோ குளிரில் இறுகியோ அதில் மயிரிழை வெடிப்பு விழும். உப்புத் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போய்விடும், வெளியே வர வழியில்லை. கறள் இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிப்பதால் பூச்சை உள்ளிருந்தே தள்ளித் தூக்கும், அந்த இடைவெளியில் இன்னும் தண்ணீர் தேங்கும். இந்த வண்டியிலோ நாலு வருடம் உப்பு தின்ற சேசிக்கு மேல், கழுவாமல் காயவைக்காமல் ஒரே நாளில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சேசியில் தண்ணீர் வடியும் துளைகளும் அடைபட்டிருந்தன. அச்சுத் தண்டு, எக்ஸோஸ்ட், பிரேக் ஹோஸ், நட்டு எல்லாவற்றிலும் ஒரே கறுப்பு. இந்த அடையாளத்தை மனதில் வையுங்கள்: பழைய வண்டியின் அடியில், பூச்சுப் படக்கூடாத பாகங்களைக்கூட மூடி வைக்காமல், எல்லாவற்றிலும் புதுக் கறுப்பு இருந்தால், விற்பதற்காக அடித்தது.

அதற்காக “பூச்சு எல்லாம் ஏமாத்து” என்று விட்டுவிடவும் முடியாது. இங்கே பனியை உருக்க வீதியில் சோடியம் குளோரைட், அதாவது சாதாரண உப்பு, மட்டும் போடுவதில்லை. மறை 10 பாகைக்கு (-10°C) கீழே அது சரியாக வேலை செய்யாது. கல்சியம், மக்னீசியம் குளோரைட் கரைசலையும் தெளிக்கிறார்கள். அவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அதனால் வீதி காய்ந்தாலும் உங்கள் சேசி காயாது. சூடான கராஜில் நிறுத்துவது வண்டிக்கு நல்லது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: உறைநிலையில் கறள் மெதுவாகத்தான் பிடிக்கும், கராஜுக்குள் உப்புப் பனி உருகி இரவு முழுக்க வேலை செய்யும்.

பிக்கப் சேசி கறளுக்கு எவ்வளவு பலவீனம் என்பது நீதிமன்றம் வரை போன கதை. அமெரிக்காவில் 2005–2010 டொயோட்டா டகோமா, 2007–2008 டன்ட்ரா, 2005–2008 சீகுவோயா சேசிகளுக்குப் போதிய கறள் தடுப்பு இல்லை என்று கூட்டு வழக்குப் போட்டார்கள். 2016-இல் சமரசம். 10 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் ஓட்டை இருந்தால் சேசியையே மாற்றிக் கொடுப்பது அதில் ஒரு நிபந்தனை. 2015 மொடலிலிருந்து ஃபோர்ட் எஃப்-150 பிக்கப்பின் மேற்கூடு அலுமினியம் என்று மயங்கவேண்டாம், சேசி இரும்புதான்.

உங்களுக்குத் தேவையா? மூன்று, நாலு வருட லீஸ் என்றால் வேண்டாம், அடிப்பக்கம் கழுவுவதே போதும். ஏழெட்டு வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், அல்லது நாலைந்து வருடம் பழசாக வாங்குகிறீர்கள் என்றால் தேவை. ஆனால் அது காயாத எண்ணெய் வகையாக இருக்கட்டும், ஒவ்வொரு வருடமும். பிக்கப்புக்கு சுமார் 200 டொலர் கேட்பார்கள். ஈரத்தைத் தள்ளிக்கொண்டு மடிப்புக்குள் ஊர்ந்து போவது எண்ணெய்தான். கல் பட்டு உரிந்தாலும் பக்கத்து எண்ணெய் வந்து மூடும். கறளைத் தடுக்கும் என்று பற்றரியில் பொருத்தும் ‘இலெக்ட்ரோனிக்’ பெட்டிக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். மின்சாரத்தால் கறளைத் தடுப்பது கடலில் மிதக்கும் கப்பலுக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும் சரிவரும், சுற்றிவர ஈரம் தொடர்ச்சியாக இருப்பதால். காற்றில் ஓடும் வண்டிக்கு அந்தச் சுற்று எங்கே பூர்த்தியாகும்?

சரியாக அடிப்பதென்றால் செப்டம்பர், ஒக்டோபரில், வெயில் நாட்களில். முதலில் சேசிக்கு உள்ளும் துளைகள் வழியாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, இரண்டு நாள் காயவிடவேண்டும். தளர்ந்த கறளைச் சுரண்டி எடுக்கவேண்டும். ஸ்பெயர் ரயரை இறக்கவேண்டும். இறக்காமல் அடித்தால் அதற்கு மேலேயுள்ள குறுக்குச் சட்டம் தப்பிவிடும், அங்கேதான் சேறு தங்கும். நாலா பக்கமும் தெளிக்கும் நுனி வைத்த நீளக் குழாயைப் பெட்டிச் சேசிக்குள் கடைசிவரை விட்டு, தெளித்தபடி மெதுவாக வெளியே இழுப்பதுதான் முக்கிய வேலை. அதைச் செய்யாமல் வெளியே மட்டும் அடிக்கிற இடத்துக்குப் போகாதீர்கள், அரிப்பு உள்ளிருந்துதான் வரும். பிறகு பிரேக் லைன், லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், பெற்றோல் தாங்கிப் பட்டி, ஹாண்ட்பிரேக் கேபிள், பின் பம்பர் தாங்கிகள், டெயில்கேட் மடிப்பு. பின் லைட்டைக் கழற்றினால் சக்கர வளைவின் உட்பக்கமும் எட்டும். ஒரு பிக்கப் மூன்று, நாலு லீற்றர் குடிக்கும். ஒரு லீற்றரில் முடித்தால் பாதிதான் நடந்திருக்கிறது. டிஸ்க், பிரேக் பாட், பெல்ட், எக்ஸோஸ்ட் இவற்றில் படக்கூடாது. எண்ணெய் படும் ரப்பர் புஷ் சிலவேளை ஊதும். ஒரு நாள், இரண்டு நாள் சொட்டும், கீழே கார்ட்போர்ட் போடுங்கள். கம்பனியே சேசிக்கு மெழுகு பூசியிருந்தால் கரைப்பான் கலந்த எண்ணெய் அதை இளக்கிவிடும், கேட்டுவிட்டு அடியுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் காசு கொடுக்கமுன் வெளிக் கராஜ் ஒன்றில் ஹொயிஸ்டில் ஏற்றுங்கள். மறுத்தால் வாங்கவேண்டாம். டீலரிடம் வாங்கிய வாகனத்துக்கு ஒன்ராறியோவில் ‘யோசித்துத் திருப்பிக் கொடுக்கும்’ நாட்கள் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் விளம்பர விலைக்குள் வரி, லைசென்ஸ் தவிர எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்கவேண்டும். “ஏற்கனவே அடிச்சாச்சு” என்று பூச்சுக் காசை மேலதிகமாகக் கேட்டால், வாகன விற்பனையாளரைக் கட்டுப்படுத்தும் ஒம்விக் (OMVIC) அமைப்பிடம் முறையிடலாம். விளம்பரத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள்.

ஏற்கனவே கறுப்பு அடித்தாகிவிட்டதா? முழுவதையும் உரிக்கவேண்டாம். தட்டிப் பார்த்து, தளர்ந்த இடங்களை மட்டும் சுரண்டுங்கள். அடைபட்ட துளைகளை ஒரு கம்பியால் திறவுங்கள். சேசிக்குள்ளும் சுரண்டிய ஓரங்களிலும் எண்ணெய் விடுங்கள், அது பூச்சுக்கு அடியில் ஊர்ந்து போகும். பிரேக் லைனில் பூச்சு இருந்தால் அதை மட்டும் இந்த வாரமே துடைத்துப் பாருங்கள்.