அந்நியர்கள் வீடா, பழகிய கூட்டமா?

ரியாலிட்டி ஷோக்களில் இரண்டு பாணிகள் உண்டு; எதில் உறவுகள் உண்மையாகத் தெரிகின்றன? 1999-இல் நெதர்லாந்தில் தொடங்கிய 'பிக் பிரதர்' (நம்மூர் 'பிக் பாஸ்' இதன் வழிவந்ததுதான்) பாணியில், முன்பின் தெரியாதவர்களை ஒரே வீட்டில் அடைக்கிறார்கள். ஆரம்பத்தில் எல்லோரும் நல்லபிள்ளை வேஷம் போடுவார்கள். தூக்கமும் தனிமையும் குறையக் குறைய அது கழன்றுவிடும். ஆனால் கோபத்துக்கு ஆழமான வேர் இருக்காது. டாஸ்க் (கொடுக்கப்பட்ட போட்டி) முடிந்தால் பெரும்பாலும் சண்டையும் முடிந்தது.

2006-இல் அமெரிக்காவில் வந்த, வசதியான பெண்களின் நட்பு வட்டத்தைக் காட்டும் 'ரியல் ஹவுஸ்வைவ்ஸ்' பாணியில் பழைய சிநேகமும் மனக்கசப்பும் கூடவே வருகின்றன. ஒரு கண்ஜாடை போதும், பல வருஷக் கதை புரிந்துவிடும். உறவின் உண்மைக்கு இதுதான் மேல், முதல் சில சீசன்கள் வரை. அப்புறம் எந்தச் சண்டை எடுபடும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. விருந்துக்கு வரும்போதே கைவசம் ஒரு குற்றச்சாட்டு தயார்.

இரண்டிலுமே, வெவ்வேறு நேரத்தில் பேசியதை எடிட்டிங்கில் வெட்டி ஒட்டிய பேச்சு உண்டு. வாக்கியத்தின் நடுவே பேசுபவரின் முகம் மறைந்தால், அந்த இடத்தில் குரலின் தொனி சட்டென்று மாறுகிறதா என்று காதுகொடுத்துக் கேளுங்கள்.